கரடி ஃபோல்டர்

மான்களைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு மத்தியானத்துக்குக் கரடிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பியூலா காலையிலேயே தீர்மானித்திருந்தாள். மான் படம் பார்த்தால் தூக்கம் வரும். புல்லைத் தின்னும், தலையைத் தூக்கும், மறுபடி புல்லைத் தின்னும், அதற்கு வேறு ஜோலி கிடையாது. கரடி காமிராப் பெட்டியை மோந்து பார்க்கும், நக்கும், மரத்தில் முதுகைச் சொறியும், சில படத்தில் ஒரு மூக்குத் துவாரம் மட்டும் வந்து முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும். ரசம் சாதம் உள்ளே போன கண்ணுக்கு அது கொஞ்சம் தெளிவு. மாசி வெயில் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மலையடிவாரத்தில் கூடம், இரண்டு அறை, ஒரு வராந்தா, இதுதான் அவர்கள் ஆராய்ச்சி நிலையம். பெயர்ப் பலகை மட்டும் கட்டடத்தைவிடப் பெரிது. வராந்தாவில் பொன்னுலிங்கம் அண்ணாச்சி மலையிலிருந்து இறக்கிய பெட்டிகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். எறும்பு குடியேறிய பெட்டிகளை அவர் வைகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அந்த வசவு கேட்டுக்கொண்டிருக்கும்வரை இவளுக்குப் பயமில்லை. நின்றுவிட்டால்தான் தலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும், அதுவும் நேராக இல்லை, கீழே, முழங்கால் உயரத்தில். வீட்டிலும் அப்படித்தான் ஆகிவிட்டது. குளியலறைக்குப் போகும்போது கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று இவளைப் படம் பிடித்துவிட்டதைப் போல இருக்கும். சூடான உடம்பு ஒன்று குறுக்கே போயிற்று, அவ்வளவுதான் அதற்குத் தெரியும், போனது யார் என்று தெரியாது. யாரிடம் சொன்னாலும் கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போய் இரு என்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிகளே அப்படித்தான். மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டால் மழையோ வெயிலோ, குறுக்கே போகிற எதையும் தானாகப் பிடித்துவைக்கும். சேர்ந்ததையெல்லாம் இங்கே கொண்டுவந்து எந்த மிருகம், எந்த இடம் என்று குறிக்க வேண்டும். கரடி எத்தனை என்று தெரிந்தால் கறையான் புற்று எப்படி, பழமரம் எப்படி, காடு நல்லபடியாக மூச்சு விடுகிறதா என்பது தெரியும் என்பார் நிலையத்தை நடத்துகிற சார். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் கையால் பிரித்தாள். இப்போது கம்ப்யூட்டரே பிரித்துவிடுகிறது. மான் ஃபோல்டர், பன்றி ஃபோல்டர், கரடி ஃபோல்டர், மனிதர் ஃபோல்டர். அது சொன்னது சரியென்றால் ஆமாம் போட வேண்டும், தப்பென்றால் மாற்ற வேண்டும், அதற்குத்தான் இவளுக்குச் சம்பளம். மனிதர் ஃபோல்டரை மட்டும் யாரும் திறப்பதில்லை. தேனுக்குப் போகிறவன், விறகுக்குப் போகிறவள், ஒதுங்கப் போகிறவள், யார் முகமும் நம் கையில் இருக்க வேண்டாம் என்று ஒரு விதி. பார்க்காமலே அது அழிந்துவிடும். அந்த விதி வருவதற்கு முந்திய காலம் ஒன்று இருந்தது. எபனேசர் அப்போதுதான் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெட்டிக்குப் பேட்டரி மாற்றினால் தேதி எழுதிய சிலேட்டு ஒன்றை முன்னால் காட்ட வேண்டும், அந்தச் சிலேட்டுக்குப் பின்னால் முதல் மாதம் ஒரு சட்டை, இரண்டாம் மாதம் ஒரு தாடை, மூன்றாம் மாதம் பல் அத்தனையும். நாலாம் மாதம் கண்ணை மாறுகண் ஆக்கிக்கொண்டு நின்றான். இவள் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்ததில் சார் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். சிங்கவால் குரங்கு சார் என்றாள். இவர்கள் கல்யாணத்தில் அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு இவள் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அவன் மூஞ்சியைக் கோணுவதை விடவில்லை. யாருக்காகச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, நீ பாக்காட்டி என்ன, அது பாக்கும்லா என்றான்.

ஆமாம், ஆமாம், ஆமாம். கரடி, கரடி, குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் கரடி. குட்டியின் முகம் பின்பக்கம் பார்த்திருக்கிறது, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த பிள்ளைபோல. அதற்கும் ஆமாம். ஒரு நொடியில முடிஞ்சிருச்சும்மா என்று பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டிய வாரம் அது. எபி கட்டியதுதான், ஒரு முனை கோணிவிட்டது, மலைக்குப் போய்விட்டு வந்து சரிசெய்கிறேன் என்றான். காலையிலேயே ஓடையில் ஆனை தட்டிவிட்டது, பாறையில் தலை மோதியது, வேதனையே தெரிந்திருக்காது என்றார் அண்ணாச்சி. அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் ஜீப்பில் போனார்கள், அண்ணாச்சி மேட்டுப் பெட்டிகளுக்கும் எபி ஓடைப் பெட்டிக்குமாகப் பிரிந்து ஏறினார்கள், இருட்டின பிறகு அண்ணாச்சி மட்டும்தான் தன் காலில் இறங்கி வந்தார். அந்த ஒரு நொடியைத்தான் பியூலா பிடித்துக்கொண்டாள். மாமியாரிடம் அதைத்தான் சொன்னாள், கஷ்டப்படலை அத்தை, ஒரு நொடி. அடக்க ஆராதனையில் சர்ச் ஐயரும் அதையே பிரசங்கமாக்கி, கர்த்தர் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டார் என்றார். அதன் பிறகு சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது, பதினைந்தாம் நாள் வேலைக்கு வர முடிந்தது. நொடி என்றால் எவ்வளவு என்று மட்டும் அவ்வப்போது மனசு அளந்து பார்க்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று போகுமே, அவ்வளவா. சுர்ரென்று சத்தம் வருவதற்குள் போய்விடுமா, சத்தம் முடிந்த பிறகுதான் போகுமா. அந்தச் சத்தத்துக்குள் ஒருவன் எதையாவது நினைத்திருக்க முடியுமா, ஒரு பெயரையாவது. வேண்டாம், நினைத்திருக்க வேண்டாம், ஒன்றும் தெரியாமலே போயிருக்கட்டும், என்னைக்கூட நினைக்காமல் போயிருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் அங்கே கொண்டுபோய் அடுப்பை அணைத்துவிடுவாள். ஓடைப் பெட்டியின் கார்டும் என்றைக்காவது இறங்கி வரும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வந்தால் என்ன, அவன் இருக்கிற படமெல்லாம் மனிதர் ஃபோல்டருக்குப் போய் அழிந்துவிடும், நான் கேட்க மாட்டேன், அது காட்டாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு அவள் முதல் தடவையாக நன்றி சொன்னது அப்போதுதான்.

அடுத்த படத்தில் கரடி சட்டை போட்டிருந்தது. கட்டம்போட்ட பச்சைச் சட்டை, முழங்கைக்கு மேல் மடித்துவிட்டது. கரடி, எண்பத்தேழு சதவீதம் உறுதி என்று கீழே கம்ப்யூட்டர் எழுதியிருந்தது. பியூலாவின் விரல் பழக்கத்தில் ஆமாம் பொத்தான்மேல் போய் அங்கேயே நின்றது. ஈரக் களிமண்ணில் இரண்டு கையையும் ஊன்றி, முட்டிபோட்டு, எபனேசர் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தான். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. பேட்டரி மாற்றியதும் இது ஒரு சடங்கு. பெட்டி புலியையும் கரடியையும் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, கட்டினவனே நாலு காலில் அதன் முன்னால் போக வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் சரி. நிமிர்ந்து நின்ற எபியை எல்லாம் மனிதர் என்று எடுத்துக்கொண்டுபோய் அழித்த கம்ப்யூட்டர், நாலு காலில் போன எபியைக் கரடி என்று பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறது. மடையன் கம்ப்யூட்டர், தங்கமான கம்ப்யூட்டர். அடுத்ததில் அவன் பாதியில் நின்று பெட்டியைப் பார்த்து உறுமுகிற மாதிரி வாயைத் திறந்திருந்தான், கீழ்ப் பல் ஒன்று கோணல், அந்தப் பல்லை மறந்தே போயிருந்தாள். சாகிற அன்றைக்குத்தான் இந்தச் சட்டை. சாவுப் பொட்டலமாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், அவிழ்க்காமல் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. இங்கே அது காய்ந்து, மடிப்புக் கலையாமல், காலை வெயிலில் இருந்தது. இன்னும் இருக்கிறதா, இன்னும் ஒன்று கொடு என்று பேராசையோடு அவள் அடுத்ததைத் தட்டினாள்.

இருந்தது. அதே கட்டச் சட்டை, நாலு காலில், இப்போது தூரத்தில், ஓடைப் பக்கமிருந்து ஏறி வருகிற தடத்தில். இவன் எதற்கு இரண்டாம் தடவை செய்கிறான், ஒருதடவை செய்வதற்கே சோம்பல்படுகிற ஆள் என்று முதலில் நினைத்தாள். விளக்கு எரிந்திருக்காது, பெட்டி ஈரமாகியிருக்கும். சட்டையும் ஈரம்தான், முதுகோடு ஒட்டியிருக்கிறது, மழை பெய்திருக்கிறது, மழையில் எவனாவது சோதனை செய்வானா. செய்வான், எபி செய்வான், கிறுக்கன். அடுத்தது. இரண்டு கை, ஒரு முட்டி. மற்ற முட்டி எங்கே. மற்றக் கால் பின்னால் நீண்டு கிடந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, செருப்பில்லாமல். வழுக்கியிருக்கும். செருப்பைக் கழற்றிவைத்திருக்கும். படத்தின் அடிப் பட்டையில் நேரம் இருக்கும், அவள் அதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் நிழலைப் பார்த்தாள், காலைப் படத்தில் மரநிழல் அந்தப் பக்கம் விழுந்திருந்தது. மழை மேகத்துக்கு நிழல் ஏது. சில பெட்டிகளில் கடிகாரம் தப்பாக ஓடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பேட்டரி மாற்றும்போது நேரம் வைக்க மறந்துவிடுவார்கள், எபி மறப்பான், மறந்திருப்பான், கர்த்தாவே அன்றைக்கு மட்டும் மறந்திருக்க வேண்டும். பட்டையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி. ஆனை காலையில் தட்டியது என்றல்லவா சொன்னார்கள். காலையில் தட்டியது, காலையிலேயே முடிந்தது. அப்படியானால் இது யார்.

வராந்தாவில் பல் பிரஷ் சத்தம் நின்றிருந்தது. அவள் முழங்கால் உயரத்தில் எதையும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லாமல் போயிருந்தது, அந்த உயரத்தில் இருந்த கண் இப்போது இவள் கண்ணாகவே ஆகிவிட்டிருந்தது. படம் மூன்று மூன்றாகத் தட்டியிருக்கிறது பெட்டி, நடுவில் இடைவெளி, மறுபடி மூன்று. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு முழம். ஒரு மூன்றில் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்திருந்தான், அதைக் கம்ப்யூட்டர் கரடி, ஐம்பத்திரண்டு சதவீதம் என்றது, அதற்கே சந்தேகம் வந்துவிட்டிருக்கிறது. நீங்களெல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு நொடி கொடுத்தீர்கள். நான் அதை மாமியாருக்குப் பங்கு வைத்துக் கொடுத்தேன். அந்த ஒரு நொடி இங்கே தடத்தில் காலை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. ஆனால், வருகிறானே. எங்கே வருகிறான். ஜீப் நிற்கிற பாதை கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், மூளை உள்ளவன் அங்கேதான் போக வேண்டும், அங்கேதான் ஆள் வரும். இவன் மேட்டில் ஏறிப் பெட்டியைப் பார்த்து வருகிறான். நேரே பெட்டியை. நேரே என்னைப் பார்த்து. சிக்னல் இல்லாத காட்டில் இருக்கிற ஒரே கண் அது, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான், அவனுக்குத் தெரியும். அவளுக்குள் ஏதோ ஒன்று அசிங்கமாக, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டது. என்னிடம்தான் வந்திருக்கிறான். சாகும்போது என்னிடம்தான் வந்திருக்கிறான், வா, இன்னும் கொஞ்சம், வா எபி என்று அவள் திரையைப் பார்த்து வாய்க்குள் சொன்னாள். சொல்லிக்கொண்டே அடுத்ததைத் தட்டினாள்.

கடைசி மூன்றில் அவன் முகம் படம் முழுக்க இருந்தது. நெற்றியில் மண், மூக்கிலிருந்து ஒழுகிய இரத்தத்தை மழை கழுவி வெளுப்பாக்கியிருந்தது. இவள் அவன் கண்ணைத் தேடினாள். அது இவளைப் பார்க்கவில்லை. கீழே, பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்திருந்தது, ஒரு காரியத்தில் மும்முரமாக இருக்கிறவனின் பார்வை, நட்சத்திரத்துக்கு வயர் இணைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வானே, அப்படிக் கடித்திருந்தான். இரண்டாவது படத்தில் உள்ளங்கை பாதியை மறைத்தது. மூன்றாவதில் காடும் வானமும் சரிந்து கிடந்தன, பெட்டியின் கதவு திறக்கும்போது அப்படித்தான் விழும். அவள் அடுத்ததைத் தட்டினாள். வேறு ஏதோ ஒரு இடத்தில் ஒரு கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள், மறுபடி தட்டினாள், கரடி தோண்டிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று அடிப் பட்டையைப் பார்த்தாள். புதுப் பேட்டரி, முழுசாக இருந்தது. பிடித்து எழுந்திருக்கப் பார்த்திருப்பான், கை பட்டுத் திறந்திருக்கும். கார்டை எடுக்கப் பார்த்திருப்பான். எதற்குக் கார்டு அவனுக்கு. கை பட்டால் திறக்கிற கொண்டி இல்லை அது, கரடிக்கே திறக்காது, நகத்தை உள்ளே விட்டு நெம்ப வேண்டும், இவளுக்கே ஒருதடவை நகம் பிய்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே பேட்டரி, கார்டு, ஒரு சுவிட்சு. மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டு மனசு சுவிட்சின்மேல் வந்து உட்கார்ந்தது, விரட்டினால் எழுந்துபோய் மறுபடி அங்கேயே உட்கார்ந்தது.

அவள் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, டீ குடிக்கலாமா என்று கேட்கிற குரல். அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே வந்து, வாசற்படியில் நின்று, திரையைப் பார்த்தார். பார்த்த பிறகு உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"ஓடைப் பெட்டியை நீங்கதான அவுத்தீங்க, அண்ணாச்சி? அது ஓடிட்டு இருந்துச்சா?"

அவர் கதவு நிலையைத் தடவினார். "இல்லம்மா. ஆஃப்ல இருந்துச்சு. கதவை மூடிக் கொண்டியும் போட்டிருந்துச்சு. நான் தொடல, சத்தியமா தொடல."

"அவங்க எங்க கிடந்தாங்க?"

"கிடக்கல. அந்த மரத்துலதான் சாய்ஞ்சு உக்காந்திருந்தாரு. மரத்துக்கு அங்கிட்டு. பெட்டிக்குப் பின்பக்கம்." பிறகு, கேட்காமலே, "எப்படிம்மா சொல்லுவேன்? நான் மேட்டுல அவ்வளவு நேரம் நின்னுட்டேன். ஒரு சத்தம் கேட்கலியே" என்றார். அவர் அழுவதைப் பியூலா அதற்கு முன் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூட.

அப்படியானால் கொண்டியும் போட்டிருக்கிறான். ஈரம் உள்ளே போய்விடக் கூடாது என்று, சாகப்போகிறவன், கதவை மூடி, அழுத்தி, கொண்டி போட்டிருக்கிறான். அத்தனை தூரம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஏறி வந்தது என்னிடம் வருவதற்கில்லை, என் கண்ணைப் பொத்துவதற்கு. ஃபோல்டரை அழிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும், ஆனாலும் நம்பவில்லை, எப்படியாவது இவள் பார்த்துவிடுவாள் என்று என்னைத் தெரிந்துவைத்திருக்கிறான். பார்க்க வேண்டாம் என்று அணைத்துவிட்டு, அதுவும் போதாதென்று மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு அணைத்தாய். எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாய், இருட்டிவிட்டதா, தாகம் எடுத்ததா, யாரைக் கூப்பிட்டாய். நான் பார்த்திருப்பேனே. மூன்று மாசம் கழித்துத்தான் என்றாலும் பார்த்திருப்பேனே, கண்ணை எடுக்காமல் கடைசிப் படம்வரைக்கும் உன்னோடு இருந்திருப்பேனே, ஒரு மனுஷி இருந்தாள் என்றாகியிருக்குமே. அந்தக் கடைசி ஓரத்தை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாயே, பாவி. இந்த ஆள் பிரியத்தில் செய்ததுதான் இது என்று தெரியத் தெரிய அவள் கோபம் கூடிக்கொண்டேதான் போயிற்று. பொன்னுலிங்கம் அண்ணாச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காருங்க அண்ணாச்சி என்றாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் கேட்டபடியே இருந்தது, கரடியா, ஆமாமா, மாற்றவா. ஆமாம் என்றால் இவன் அந்தக் காட்டில் ஒரு கரடியாகக் கணக்கில் சேர்ந்து, சாருடைய கட்டுரையில் போய், என்றைக்கும் இருப்பான். மாற்று என்றால் மனிதர் ஃபோல்டர். அதை அன்றன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அதுவே துடைத்துவிடும். பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருந்தது, ஒரு நிமிஷ வேலை. அவள் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வேண்டாம் என்று அத்தனை பாடுபட்டுச் சொன்னவனை அலமாரியில் ஒளித்துவைத்து என்ன செய்ய. முதல் படத்துக்குப் போனாள், காய்ந்த சட்டை, காலை வெயில். மனிதர் என்று மாற்றினாள். உறுமிய படம், மனிதர். தூரத்துப் படம், மனிதர். மண்ணில் கன்னம் வைத்ததையும் தாண்டி ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் அந்த முகத்துக்கு வந்தாள், கீழே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்த முகம், மனிதர். பிறகு இதுவரை ஒருநாளும் திறக்காத அந்த ஃபோல்டரைத் திறந்து, அதே படத்தைப் பெரிதாக்கி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.